தையல் டேப் சொல்லும் கணக்கு: அப்பாவின் தொப்பையும் அம்மாவின் இதயமும்

இந்த மாதப் பாடத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் வேண்டும். தையல் டேப். அம்மாவின் தையல் மிஷின் டிராயரில் கண்டிப்பாக ஒன்று இருக்கும். இல்லையென்றால் லிட்டில் இந்தியாவில் துணிக்கடைகள் இருக்கும் வரிசையில் எங்கே கேட்டாலும் கிடைக்கும். அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் என்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். பம்ப், பைப், டேங்க், பிரஷர், இதுதான் என் படிப்பு. ஆனால் இதயமும் ஒரு பம்ப்தானே? அந்த ஆர்வத்தில் தேடிப் படித்ததைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன்.

1. பிரச்சனை புதுசு இல்லை

1959-ஆம் ஆண்டு ஒரு ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் டி. ஜே. தனராஜ். பிறகு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் முதல் டீனாக இருந்தவர் இவர்தான். இன்றைக்கும் அங்குள்ள மருத்துவ நூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் குழு செய்த வேலை இது. 1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் நடந்த 9,568 பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை எடுத்து, யாருக்கெல்லாம் இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது என்று இனவாரியாகக் கணக்குப் போட்டார்கள். ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே துறைமுகம். ஆனால் சீனர்களோடு ஒப்பிட்டால் இந்தியர்களுக்கு அந்த நோய் ஏறக்குறைய 7 மடங்கு அதிகம்.

கவனியுங்கள், அது 1950-கள். அப்போது ஃபாஸ்ட் ஃபுட் இல்லை, கைப்பேசி இல்லை, உணவு வீட்டு வாசலுக்கு வந்து சேரும் வசதியும் இல்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டதைச் சாப்பிடுறாங்க, அதனாலதான்" என்று பெரியவர்கள் சொல்லுவாங்களே, அந்தப் பதில் மட்டும் போதாது என்பது இதிலேயே தெரிகிறது.

அண்மைக்கால நிலவரத்தையும் பார்த்துவிடுவோம். 2020-ல் மலேசியாவில் மருத்துவரால் உறுதி செய்யப்பட்ட மரணங்களில் 17 விழுக்காடு இதய ரத்தக்குழாய் நோயால் நேர்ந்தவை. அந்த ஆண்டு முதலிடம் அதற்குத்தான். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். நம் இந்தியர்களிடம் அது 60 விழுக்காட்டைத் தாண்டியது. நீரிழிவு? அதே ஆய்வில் இந்தியர்களில் ஏறக்குறைய 31 விழுக்காடு. மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் கேள்வி

கொழுப்பு என்றாலே கெட்டது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. உடம்புக்குக் கொழுப்பு ஒரு சேமிப்புக் கணக்கு. உபரியாக வரும் சக்தியைப் பத்திரமாக எடுத்து வைத்து, தேவைப்படும்போது திருப்பிக் கொடுக்கும் வங்கி. அந்த வங்கி உடம்பில் எந்த இடத்தில் கிளை திறந்திருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் பிரான்ஸ் நாட்டு மார்செய் நகர மருத்துவர் ழான் வாக். ஆண்டு 1947. பருமனானவர்களை அவர் இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் ஆண் வகை. மற்றது, பிட்டத்திலும் தொடையிலும் சேரும் பெண் வகை. நீரிழிவு, ரத்தக்குழாய் நோய் எல்லாம் முதல் வகையோடுதான் அதிகம் சேர்ந்து வருகின்றன என்றார். இப்போது ஆப்பிள் உருவம், பேரிக்காய் உருவம் என்று சொல்லுகிறார்களே, அதன் ஆரம்பம் இதுதான். சில பெண்களுக்கு ஆப்பிள் உருவமும், சில ஆண்களுக்குப் பேரிக்காய் உருவமும் வரலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆரோக்கியமான ஒரு பெண்ணின் உடம்பில் அதே வயது ஆணைவிடக் கொழுப்பின் பங்கு அதிகம். அப்படியானால் இதய நோய் பெண்ணுக்குத்தானே முதலில் வர வேண்டும்? வருவதில்லை. காரணம், கொழுப்பு இருக்கும் இடம்.

வயிற்றில் கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது. விரலால் கிள்ளிப் பிடிக்க முடிகிற கொழுப்பு தோலுக்கு அடியில் உள்ளது. இதைத் தோலடிக் கொழுப்பு என்கிறோம். அதற்கும் உள்ளே, தசைச் சுவரைத் தாண்டி, குடலையும் கல்லீரலையும் சுற்றி ஒரு கொழுப்பு இருக்கிறது. அது உள்ளுறுப்புக் கொழுப்பு. அதைக் கிள்ள முடியாது. கை வைத்துப் பார்த்தால் தொப்பை கல்லு மாதிரி இருக்கும் ஆண்களைப் பார்த்திருப்பீர்கள். "பாரு, எவ்வளவு டைட்டா இருக்கு, இது தொப்பை இல்ல, தசை" என்று பெருமையாகத் தட்டிக் காட்டுவாங்க. பெரும்பாலும் அது உள்ளே இருந்து தள்ளும் கொழுப்பு. மொத்தக் கொழுப்பில் இந்த உள்ளுறுப்புக் கொழுப்பின் பங்கு ஆண்களுக்குப் பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

3. பைப்லைன் பாடம்

இந்த இரண்டு கொழுப்புக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? என் படிப்புக்குப் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் இது முழுக்கப் பைப்லைன் கதை.

தொடைக் கொழுப்பு மெதுவாக இயங்கும் டேங்க். உள்ளே வாங்கியதைச் சீக்கிரம் வெளியே விடாது. பெண் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கொழுப்பை இந்தப் பக்கம் அனுப்பி வைக்கிறது. கர்ப்ப காலத்துக்கும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்துக்கும் எடுத்து வைத்த சேமிப்பு என்று இதைச் சொல்லலாம். சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் அலையும் கொழுப்பை இந்த டேங்க் பிடித்து வைத்துக்கொள்வதால் கல்லீரலும் ரத்தக்குழாயும் தப்பிக்கின்றன. அதனால்தான் ஒரே வயிற்றளவு உள்ள இருவரில் தொடையும் பிட்டமும் சற்றுப் பருத்தவருக்கு ஆபத்து குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

உள்ளுறுப்புக் கொழுப்பு நேர் எதிர். வேகமாக உள்ளே போகும், வேகமாக வெளியேயும் வரும். அதில் கணிசமான பகுதியின் வடிகால் நேராகக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் இணைந்திருக்கிறது. எனவே அது விடுகிற கொழுப்பு அமிலங்கள் வடிகட்டாமல் கல்லீரலில் போய் இறங்குகின்றன. கல்லீரல் என்ன செய்யும்? அதை டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் திரும்ப அனுப்பும். நல்ல கொலஸ்ட்ரால் குறையும். இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போகும், சர்க்கரை ஏறும். போதாததற்கு இந்தக் கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது. ரத்த அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் சேர்ந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களின் சுவரில் படிவு உண்டாகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அங்கே ரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் மாரடைப்பு.

பைப்பில் அடைப்பு வந்தால் பம்பைத் திட்டிப் பயனில்லை. டேங்க்கிலிருந்து என்ன வந்து கலக்கிறது என்று பார்க்க வேண்டும்.

4. ஒல்லியா இருக்கோம், ஆனா...

"நான் ஒல்லிதான், எனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று பக்கத்தைத் திருப்பப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். இந்தப் பகுதி உங்களுக்குத்தான்.

2004-ல் இரண்டு பேராசிரியர்கள் தங்கள் உடம்பையே எடுத்துக்காட்டாக வைத்து ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். ஒருவர் புனே நகரின் சி. எஸ். யாஜ்னிக். மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ ஒன்றே, 22.3. எடை மிஷின் கணக்கில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் உடம்பில் எத்தனை விழுக்காடு கொழுப்பு என்று அளந்தபோது யுட்கினுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. இரண்டு மடங்குக்கும் மேல்!

இது பிறக்கும்போதே தொடங்குகிறது. யாஜ்னிக் குழுவின் புனே ஆய்வில் அங்குள்ள கிராமத்துக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. சின்னக் குழந்தைகள்தான், ஆனால் குறைந்தது தசையும் வயிற்றுப் பகுதி உறுப்புகளும். தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியான உடம்புக்குள் கொழுப்பு அதிகம்.

இன்னொரு விளக்கமும் உண்டு. தெற்காசியர்களுக்குத் தோலுக்கு அடியில் பத்திரமாகச் சேமிக்கும் டேங்க் சிறியது என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். டேங்க் சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? சீக்கிரம் நிரம்பி வழியும். வழிவது வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் போய்ச் சேரும். வெள்ளைக்காரர் 15 கிலோ ஏறிய பிறகு சந்திக்கிற பிரச்சனையை நாம் 5 கிலோவிலேயே சந்திக்கலாம் என்று எடுத்துக்காட்டுக்குச் சொல்லிக்கொள்ளலாம். 1991-ல் லண்டனில் மெக்கீக், ஷா, மார்மட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. அங்கே குடியேறிய தெற்காசியர்களுக்கு வெள்ளையர்களைவிட வயிற்றுப் பருமனும் நீரிழிவும் அதிகம். தனராஜ் 1959-ல் எழுப்பிய கேள்விக்கு முழுப் பதில் இல்லையென்றாலும் பதிலின் பெரிய பகுதி இது.

அதனால்தான் நமக்கு அளவுகோலே வேறு. ஆசிய மக்களுக்கு பி.எம்.ஐ 23-லேயே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2004-ல் சொன்னது. வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பதுதான் நம் எல்லைக்கோடு.

5. அம்மாவுக்கு இருக்கும் பாதுகாப்பு எப்போது உடைகிறது?

இந்தப் பாடத்தில் எல்லாரும் தவறாமல் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2004 முதல் வெளிவந்தன. மாரடைப்பு ஆபத்தைக் கணிக்க பி.எம்.ஐ-யைவிட வயிற்றுக்கும் பிட்டத்துக்கும் உள்ள சுற்றளவு விகிதம் மேலானது என்று அது காட்டியது. பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிட ஏறக்குறைய 9 ஆண்டுகள் தாமதமாக வருகிறது என்றும், தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னாலேயே வந்துவிடுகிறது என்றும் அதே ஆய்வில் தெரிந்தது.

ஆக, பெண்ணுக்கு 9 ஆண்டு சலுகை. இதைக் கேட்டதும் "அப்போ இதய நோய் ஆம்பளைங்க வியாதி" என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறோம். அங்கேதான் ஆபத்து. ஒன்பது ஆண்டு தாமதம் என்றால் வராது என்று அர்த்தம் இல்லை. அந்தச் சலுகையும் நிபந்தனையோடு வருவது.

முதல் நிபந்தனை, வயது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எடை மிஷினில் எண் பெரிதாக மாறாமலேயே கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுக்கு இடம் மாறத் தொடங்குகிறது. "சாப்பாடு அதேதான், ஆனா பிளவுஸ் டைட்டாகுது" என்று அம்மாக்கள் சொல்வது வெறும் புலம்பல் இல்லை. உள்ளே நடப்பதைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவது, நீரிழிவு. 2006-ல் 37 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நீரிழிவு உள்ள ஆணுக்கு, அது இல்லாத ஆணைவிட, உயிரைப் பறிக்கும் இதய ரத்தக்குழாய் நோய் ஆபத்து ஏறக்குறைய 2 மடங்கு. பெண்ணுக்கு அதே ஒப்பீட்டில் ஏறக்குறைய மூன்றரை மடங்கு! இயற்கை கொடுத்த சலுகையில் பெரும் பகுதியைச் சர்க்கரை பறித்துக்கொள்கிறது.

மூன்றாவது, இளம் வயதிலேயே தெரியும் அறிகுறிகள். பி.சி.ஓ.எஸ் உள்ள அக்கா தங்கைகளுக்கு வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் சிக்கலும் சேர்ந்து வருவதுண்டு. கர்ப்ப காலத்தில் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் ஆபத்து கூடுதல். குழந்தை பிறந்ததும் சர்க்கரை சரியாகிவிடும், எல்லாரும் குழந்தையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்தத் தாயைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறவர் யாரும் இல்லை.

இப்போது நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். 2019 தேசிய ஆய்வில் வயிற்றுப் பருமன் பெண்களில் ஏறக்குறைய 65 விழுக்காடு. நாட்டு மொத்த விழுக்காடு 53-ஐத் தொடவில்லை. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம், 68 விழுக்காடு. இந்த இரண்டு வட்டமும் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடத்தில் யார் நிற்கிறார்கள்? நம் அம்மா, சித்தி, அத்தை. "பெண்களுக்குக் கொழுப்பு தொடையில்தான் சேரும், இதயம் பத்திரம்" என்ற பாடப்புத்தக வரி நம் வீடுகளில் எப்பவோ உடைஞ்சு போச்சு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாரடைப்பில் நெஞ்சு வலிதான் ஆண், பெண் இருவருக்கும் பொதுவான முதல் அடையாளம். ஆனால் பெண்களுக்கு அதோடு சேர்த்தோ, சில நேரம் அது இல்லாமலோ, மூச்சு வாங்குதல், குமட்டல், தாடை, தோள், முதுகு வலி, காரணம் தெரியாத களைப்பு, குளிர்ந்த வியர்வை ஆகியவை வருவது அதிகம். நம் வீட்டில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான்: "வாயு". இஞ்சித் தண்ணி, தைலம், "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்". எங்கள் வரிசை வீடுகளில் ஒரு ஆன்ட்டி இரண்டு நாள் இப்படித்தான் தைலம் தேய்த்துக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மகள் வற்புறுத்தி அழைத்துப் போனார். மாரடைப்பு என்றார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத்தசையில் ஒரு பகுதி போய்விட்டது. இப்போது மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது.

இதயத்தசைக்கு ரத்தம் நின்ற ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான். சந்தேகம் வந்தால் காத்திருக்க வேண்டாம். 999 கூப்பிடுங்கள். வாயுவாக இருந்தால் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வரலாம்.

6. அளப்பது எப்படி?

இப்போது டேப்பை எடுங்கள்.

• நேராக நில்லுங்கள். சட்டையைத் தூக்கிக்கொள்ளுங்கள், துணிக்கு மேலே அளக்க வேண்டாம்.

• கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் டேப் போக வேண்டும். பேண்ட் அளவு இதற்கு உதவாது. தொப்பை வந்தவர்கள் பேண்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவதால் பத்து ஆண்டுகளாக ஒரே சைஸ் என்று பெருமை பேசலாம்.

• டேப் தரைக்குச் சமமாக இருக்கட்டும். இறுக்க வேண்டாம். இயல்பாக மூச்சை விட்டு, அந்த நிலையில் அளவைப் படியுங்கள். வயிற்றை உள்ளே இழுப்பது கள்ளக் கணக்கு!

ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. என்பதை நினைவில் வையுங்கள். இன்னும் சுலபமான கணக்கு வேண்டுமா? வயிற்றுச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எங்கள் வீட்டில் அளந்தோம். அப்பா 172 செ.மீ. உயரம், 67 கிலோ. பி.எம்.ஐ 22.6, பிரமாதம். வயிறு 94. அப்பா டேப்பை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "எனக்கு எதுக்குடா? அப்பாவைப் பாரு, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார். தங்கச்சிதான் அறைக்குள் அழைத்துப் போய் அளந்தாள். 84. உயரம் 155, ஆக 77-க்குள் இருக்க வேண்டியது. அம்மாவுக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததும் அன்றைக்குத்தான் பேச்சோடு பேச்சாக வெளியே வந்தது. அடுத்த வாரமே இருவரும் அரசாங்க கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுத்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பி40 குடும்பத்தினருக்கு பேகா பி40 திட்டத்தில் இந்தப் பரிசோதனை இலவசம்.

ஒரு வேண்டுகோள். இந்த எண்ணை வைத்து யாரையும் கேலி செய்யாதீர்கள். "குண்டு", "தொப்பை" என்று கூப்பிடுவதால் யாருக்கும் ஒரு சென்டிமீட்டர்கூடக் குறைந்ததில்லை. இது அழகுப் போட்டி இல்லை, ரத்த அழுத்தம் பார்ப்பதைப் போல ஒரு அளவு, அவ்வளவுதான்.

7. குறைப்பது எப்படி?

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. வேகமாக உள்ளே போகும் இந்த உள்ளுறுப்புக் கொழுப்பு, வேகமாக வெளியேயும் வரும் என்று பார்த்தோம் அல்லவா? அசைந்து கொடுத்தால் முதலில் கரைவதில் அதுவும் ஒன்று. எடை பெரிதாகக் குறையாதபோதும் தொடர்ந்த உடற்பயிற்சியில் வயிற்றுக்குள் உள்ள கொழுப்பு குறைவதுண்டு. எனவே எடை மிஷின் அசையவில்லையே என்று மனம் தளர வேண்டாம், டேப்பைக் கேளுங்கள்.

சிட்-அப் மட்டும் போட்டால் தொப்பை போகாது. அது தசையைத்தான் பலப்படுத்தும். முழு உடம்பும் அசைய வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடை. நமக்கு இடத்துக்கா பஞ்சம்? பூமலைப் பூங்கா இருக்கிறது, யூத் பார்க் இருக்கிறது, மாலையில் எஸ்பிளனேட் கடற்கரை இருக்கிறது. தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி. தைப்பூசத்துக்கு ஒருநாள் ஏறுவதோடு நிறுத்தாமல், ஞாயிறு காலையில் குடும்பத்தோடு ஏறிப் பாருங்கள். ஏற்கெனவே இதய நோய், நீரிழிவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும். ஒல்லியான உடம்பில் தசை குறைவு என்பதுதானே நம் பிரச்சனையே.

சாப்பாட்டில் பினாங்குக்காரனிடம் நாசி கண்டாரை விடு என்று சொன்னால் யார் கேட்பார்கள்? நானே கேட்க மாட்டேன். ஆனால் தட்டை மாற்றிப் போடலாம். சோறு பாதி, வெண்டிக்காய் இரட்டிப்பு, குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்லாமல் ஓரமாகக் கொஞ்சம். தினமும் இரண்டு முறை குடிக்கும் தே தாரிக்கில் இருப்பது இனிப்புப் பால், வெறும் டீ இல்லை. "தே ஓ கோசோங்" என்று கேட்டுப் பழகுங்கள், முடியாவிட்டால் "கூராங் மானிஸ்" என்றாவது சொல்லுங்கள். திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் நாம் தொண்டு செய்கிறோம் என்றால் சிரப்புக்குப் பக்கத்தில் வெறும் தண்ணீருக்கும் ஒரு தொட்டி வைப்போம். சிகரெட்டும் வேப்பும் வேண்டவே வேண்டாம். புகை பிடிப்பவர்கள் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக் கொழுப்பு அவர்களுக்கு அதிகம்.

அம்மாவுக்காக ஒன்று. பல வீடுகளில் அம்மாவுக்கு நடக்க நேரமில்லாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, நாம்தான். இரவுப் பாத்திரத்தை நீங்கள் கழுவினால் அம்மாவுக்கு அரை மணி நேரம் கிடைக்கும். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காத மருந்து அது.

கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் கடைசியாக ரத்தப் பரிசோதனை செய்தது யார்? அம்மாவா, அப்பாவா? ஏன்?

2. ஒரே பி.எம்.ஐ உள்ள இருவருக்கு ஆபத்து வேறுபடுவது எதனால்? யாஜ்னிக், யுட்கின் எடுத்துக்காட்டை வைத்து விளக்குங்கள்.

3. பெண்களுக்குள்ள இயற்கைப் பாதுகாப்பைக் குறைக்கும் மூன்று காரணங்களைச் சொல்லுங்கள்.

4. நெஞ்சு வலி இல்லாமல் மாரடைப்பு வந்தால் என்னென்ன அறிகுறிகள் தெரியலாம்? வந்தால் உடனே என்ன செய்வீர்கள்?

வீட்டில் செய்ய

வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாருடைய வயிற்றுச் சுற்றளவையும் உயரத்தையும் ஒரு தாளில் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அம்மாவின் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே டேப்பால் திரும்ப அளந்து, பக்கத்தில் புது எண்ணைக் குறித்து அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். பெயர்கள் வேண்டாம், எத்தனை பேருக்குக் குறைந்தது என்ற கணக்கு மட்டும் போதும். சேர்த்துப் பார்ப்போம்.